தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் சுதேசத் தலைமை

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் சுதேசத் தலைமை என்பது, ஐரோப்பிய மிஷனரிகள் தோற்றுவித்த சீர்திருத்தக் கிறித்தவ சபைகளில் இந்நாட்டவரையே உபதேசியார்களாகவும் குருமாராகவும் பேராயர்களாகவும் பயிற்றுவித்து, சபைப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்த வரலாற்றைக் குறிக்கும். இவ்வரலாறு 1706 இல் தரங்கம்பாடியில் தொடங்கி, 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதையும் 1956 இல் தமிழ் லுத்தரன் திருச்சபைக்குத் தமிழர் ஒருவர் பேராயரானதையும் உள்ளடக்கி, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் நீண்டது.

பயிற்சி மிக முன்னதாகவே தொடங்கியது. அதிகாரம் மிகப் பிந்தியே கைமாறியது. முதல் தமிழ்க் குரு 1733 இல் குருப்பட்டம் பெற்றார். முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் 1912 இல்தான் பட்டம் பெற்றார். இவ்விடைவெளிக்கு மொழி, பணம், சாதி, திருச்சபைச் சட்டம், இன மேலாண்மை ஆகிய பல காரணங்கள் இருந்தன.

இக்கட்டுரை சீர்திருத்தத் திருச்சபைகளை மட்டும் பற்றியது. கத்தோலிக்கத் திருச்சபையில் சுதேசக் குருக்களின் வரலாறு தனித்தது.

பணிநிலைகள்

சீர்திருத்த சபைகளில் திருப்பணியாளர் பல நிலைகளில் இருந்தனர். இந்நிலைகளுக்கு இடையேயான வேறுபாட்டை அறிந்தால்தான் அதிகாரம் எவ்விடத்தில் தடைப்பட்டது என்பது விளங்கும்.

உபதேசியார்: சிற்றூர்களில் வேதபாடம் கற்பிப்பவர், வழிபாட்டை நடத்துபவர், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோரைப் பயிற்றுவிப்பவர். பல ஊர்களில் பள்ளி ஆசிரியரும் இவரே. இவர் திருவிருந்து வழங்க இயலாது.

குரு: குருப்பட்டம் பெற்றவர். ஞானஸ்நானம், திருவிருந்து முதலிய திருச்சடங்குகளை நடத்தும் உரிமை உடையவர். சபை மக்கள் இவரை 'ஐயர்' என்றும் 'போதகர்' என்றும் அழைத்தனர். ஆங்கிலிக்க சபையில் குருப்பட்டத்துக்கு முன் உதவிக்குரு நிலை உண்டு.

பேராயர்: பழைய வழக்கில் அத்தியட்சர். ஆங்கிலிக்க முறையில் குருப்பட்டம் வழங்கும் உரிமை இவருக்கு மட்டுமே உரியது. ஆகவே, அடுத்த தலைமுறைக் குருக்களை யார் தெரிவு செய்வது என்பது பேராயர் யார் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

உபதேசியார் நிலையில் தொடக்கம் முதலே தமிழர் மிகுதியாக இருந்தனர். மிஷனரிகள் ஒரு நகரில் தங்கியிருக்க, ஊர் ஊராகச் சென்று சபைகளை நடத்தியவர்கள் இவர்களே.

தரங்கம்பாடி (1706–1750)

டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவுடன் ஜெர்மானியரான பர்த்தலோமேயு சீகன்பால்க்கும் என்றிக் புளூட்சோவும் 1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்க் திண்ணைப் பள்ளியில் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக இருக்க நேர்ந்தது பிற்காலப் பயிற்சிமுறையையும் பாதித்தது. தரங்கம்பாடியில் திருப்பணியாளர் கல்வி தமிழிலேயே நடந்தது.

1716 இல் சீகன்பால்க் எட்டு மாணவர்களுடன் திருப்பணியாளர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1719 இல் அவர் தம் 36 ஆம் வயதில் காலமானார். அவர் பயிற்றுவித்தவர்களில் எவரும் அப்போது குருப்பட்டம் பெற்றிருக்கவில்லை.

முதல் குருப்பட்டம் ஆரோனுக்கு வழங்கப்பட்டது. கடலூரில் சைவ வணிகர் குடும்பத்தில் பிறந்த இவரின் இயற்பெயர் ஆறுமுகம் ஆகும். 1718 இல் ஞானஸ்நானம் பெற்றபின் உபதேசியாராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1733 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் தரங்கம்பாடியில் இவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியாவில் சீர்திருத்த சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. மாயவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பணியாற்றிய இவர் 1745 இல் மறைந்தார்.

இரண்டாவது குரு தியோகு ஆவார். இவர் 1741 இல் குருப்பட்டம் பெற்றார். அவ்வேளையில் ராஜநாயக்கன் என்னும் உபதேசியாரின் பெயரும் கருதப்பட்டது. தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்து திருப்பணிக்கு வந்தவர் இவர். தஞ்சைப் பகுதியில் சபைகள் வளர்வதற்குப் பெரிதும் உழைத்தவர். எனினும் இவர் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால், மேல்சாதிக் கிறித்தவர்கள் இவர் கையால் திருவிருந்து பெற மறுப்பார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினர். ஆகவே இவர் தெரிவு செய்யப்படவில்லை. 1771 இல் இறக்கும்வரை இவர் உபதேசியாராகவே இருந்தார். தகுதியும் உழைப்பும் உள்ள ஒருவருக்குச் சாதியை முன்னிட்டுத் தலைமை மறுக்கப்பட்டதற்கு இது பழைய சான்றாகும்.

தஞ்சாவூரும் சுவார்ட்ஸ் மரபும்

கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் பணியாற்றி 1798 இல் காலமானார். இளைஞர்களைத் தம்முடன் தங்கவைத்து, தாம் செல்லும் இடங்களுக்கு உடன் அழைத்துச்சென்று கற்பிப்பது இவரது முறையாக இருந்தது. இதனைக் குருகுல முறைக்கு நெருங்கியதாகக் கருதலாம். இவரிடம் பயின்றவர்கள் தமிழகத்தின் பல பகுதிகளிலும் இலங்கையிலும் தலைமைப் பணி ஆற்றினர். அவர்களுள் சிலர்:

சத்தியநாதன்: பாளையங்கோட்டைக்கு உபதேசியாராக அனுப்பப்பட்டார். அங்கு குளோரிந்தா என்னும் பெண்மணி 1785 இல் எழுப்பிய ஆலயத்தைச் சுற்றிச் சிறு சபை உருவாகியிருந்தது. 1790 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் தஞ்சாவூரில் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அவரது தமிழ்ப் பேருரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் அச்சிடப்பட்டது.

தாவீது சுந்தரானந்தம்: சாத்தான்குளம் பகுதியைச் சேர்ந்தவர். தஞ்சாவூரில் பயிற்சி பெற்று, தம் உறவினரிடையே உபதேசியாராகத் திரும்பினார். புதிய கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அவர்களுக்கெனத் தனியூர் ஒன்றை அமைக்க இவர் முன்னின்றார். 1799 இல் உருவான அவ்வூரே முதலூர் ஆகும்.

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864): திருநெல்வேலியிலிருந்து சிறுவயதில் சுவார்ட்சால் தஞ்சாவூருக்கு அழைத்துவரப்பட்டவர். பள்ளித் தலைமையாசிரியராகவும் கவிஞராகவும் விளங்கினார். குருப்பட்டம் பெறாவிடினும் தம் பாடல்களால் தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் நிலைத்த தாக்கத்தை ஏற்படுத்தினார்.

கிறித்தியான் தாவீது: தஞ்சைப் பகுதியிலிருந்து யாழ்ப்பாணம் சென்று நெடுங்காலம் பணியாற்றினார். 1824 இல் கல்கத்தாப் பேராயர் ஹீபரிடம் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலிக்க முறையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர்களுள் ஒருவர் இவர்.

திருநெல்வேலியில் 1800 ஐ ஒட்டி ஆயிரக்கணக்கானோர் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். அப்போது அங்கு நிலையாகத் தங்கிய ஐரோப்பிய மிஷனரி எவரும் இல்லை. சத்தியநாதன், தாவீது போன்றவர்களே அவ்வியக்கத்தை வழிநடத்தினர்.

ரேனியசும் குருப்பட்டச் சிக்கலும்

சார்லஸ் ரேனியஸ் பிரசியா நாட்டைச் சேர்ந்த லுத்தரன் குரு. இங்கிலாந்தின் திருச்சபை அருட்பணிச் சங்கத்தின் சார்பில் 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். உபதேசியார்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி நடத்தியதுடன், அவர்களைக் குறித்த காலங்களில் பாளையங்கோட்டைக்கு வரவழைத்து, ஊர்ச் செய்திகளைக் கேட்டு, தொடர்ந்து பாடம் கற்பித்தார். பயிற்சியும் களப்பணியும் ஒருசேர நடந்தமையால் சபைகள் விரைந்து பெருகின.

சபைகள் பெருகியபோது, திருவிருந்து வழங்கும் உரிமை பெற்ற குருக்கள் போதவில்லை. எனவே தம் உபதேசியார்களில் தகுதியானோருக்குத் தாமே லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்க ரேனியஸ் விரும்பினார். ஆரோனும் சத்தியநாதனும் அவ்வாறே குருப்பட்டம் பெற்றிருந்தனர். ஆயினும் 1814 இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கப் பேராயர் பதவி ஏற்பட்டபின் நிலை மாறியிருந்தது. ஆங்கிலிக்கப் பேராயரே குருப்பட்டம் அளிக்கவேண்டும் எனச் சங்கம் வலியுறுத்தியது. இக்கருத்து வேறுபாடு முற்றிய நிலையில், இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி ரேனியஸ் எழுதிய நூலாய்வு வெளிவந்தது. 1835 இல் சங்கம் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. உபதேசியார்களில் பலர் அவருடன் நின்றனர். 1838 இல் ரேனியஸ் காலமானபின் பிளவு படிப்படியாக நீங்கியது.

இதே காலத்தில் ஆங்கிலிக்க முறையிலும் வழி திறந்தது. தரங்கம்பாடியில் பயின்ற ஜான் தேவசகாயம் (1785–1864) 1830 இல் உதவிக்குருவாகவும் 1836 இல் குருவாகவும் பட்டம் பெற்றார். திருநெல்வேலி கடாட்சபுரத்தில் ஒரு மாவட்டச் சபைகளின் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எம்மொழியில் பயிற்சி?

19 ஆம் நூற்றாண்டில் பயிற்சியின் மொழியும் தரமும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. இருவேறு முறைகள் நடைமுறையில் இருந்தன.

முதலாவது, உயர்கல்வி முறை. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823 இல் தொடங்கிய செமினரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தானியேல் பூவர் தலைமையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் முதலிய பாடங்கள் கற்பிக்கப்பட்டன. சாயர்புரத்தில் 1840களில் ஜி. யு. போப் நடத்திய செமினரியும் இவ்வகையினதே. அங்கு கிரேக்கம், இலத்தீன் ஆகிய செம்மொழிகளும் இடம்பெற்றன.

இரண்டாவது, தாய்மொழி முறை. குறைந்த கால அளவில், தமிழில், சிற்றூர்ப் பணிக்கு வேண்டிய அளவு கல்வி அளிப்பது இதன் நோக்கம்.

வட்டுக்கோட்டையில் கற்றவர்களில் பலர் திருப்பணிக்கு வராமல் அரசுப் பணிகளுக்குச் சென்றனர். 1855 இல் அமெரிக்க அருட்பணிக் கழகத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வி குருக்களை உருவாக்கவில்லை என்ற கருத்தின் அடிப்படையில் அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. எனினும் செமினரியின் பயன் திருப்பணியாளர் எண்ணிக்கையுடன் முடிந்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் கற்றவர்களே.

செமினரியை மூடும் முடிவு யாழ்ப்பாணக் கிறித்தவர்களிடையே மனக்குறையை ஏற்படுத்தியது. சுதேச சபை தன்காலில் நிற்கவேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு, சுதேசக் கிறித்தவர்கள் விரும்பிய கல்வியை நிறுத்தியது. அவர்களின் முயற்சியால் 1872 இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது.

மும்மைக் கொள்கை

திருச்சபை அருட்பணிச் சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இலண்டனில் பணியாற்றியவர் என்றி வென். இவரும் ரூபஸ் ஆண்டர்சனும் தனித்தனியே ஒத்த கருத்து ஒன்றை வகுத்தனர். அதன்படி ஒரு சபை முழுவளர்ச்சி பெற்றது என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு:

1. தன் செலவைத் தானே தாங்குதல்
2. தன்னைத் தானே ஆளுதல்
3. நற்செய்தியைத் தானே பரப்புதல்

மிஷன் என்பது கட்டடம் கட்டும்போது நிறுத்தப்படும் சாரம் போன்றது; கட்டடம் முடிந்தவுடன் அது அகற்றப்படவேண்டும் என்பது இக்கொள்கையின் கருத்தாகும். எனவே ஒரு மிஷனரியின் வெற்றி அவர் எவ்வளவு விரைவில் தேவையற்றவராகிறார் என்பதைக் கொண்டு அளக்கப்படவேண்டும் என்றாயிற்று.

திருநெல்வேலியில் 1860களின் இறுதியில் சபைச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டு, குருக்களின் ஊதியத்தை உள்ளூர்ச் சபைகளே திரட்டும் ஏற்பாடு தொடங்கியது. வீட்டில் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகத் தரும் வழக்கம் ஏழைக் குடும்பங்களும் இதில் பங்குகொள்ள உதவியது.

முதற்கூறில் தமிழ்ச் சபைகள் முன்னேறின. இரண்டாம் கூறில் தயக்கம் நீடித்தது. 1877 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் திருநெல்வேலிக்காக இருவர் உதவிப் பேராயர்களாகப் பட்டம் பெற்றனர். அவர்கள் ராபர்ட் கால்டுவெல்லும் எட்வர்டு சார்ஜெண்டும் ஆவர். இருவரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுத் தமிழகப் பணி அனுபவம் உடையவர்கள். ஆயினும் இருவரும் ஐரோப்பியர். 1896 இல் திருநெல்வேலி தனி மறைமாவட்டம் ஆனபோதும் அதன் முதற் பேராயராக ஆங்கிலேயரான சாமுவேல் மார்லியே அமர்த்தப்பட்டார்.

வென்னின் கொள்கை மேற்கு ஆப்பிரிக்காவிலும் சோதனைக்குள்ளாகியது. அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யொரூபா இனத்தவரான சாமுவேல் அஜயி குரௌதர் 1864 இல் பேராயராகப் பட்டம் பெற்றார். ஆனால் 1890 இல் இளம் ஐரோப்பிய மிஷனரிகள் அவரது அதிகாரத்தைப் பறிக்கும் வகையில் நடந்துகொண்டனர். 1891 இல் அவர் இறந்தபின் ஐரோப்பியர் ஒருவரே அவ்விடத்துக்கு வந்தார். சுதேசப் பேராயர் ஒருவரை அமர்த்துவதற்கு எதிரான வாதமாக இந்நிகழ்வு வேறு நாடுகளிலும் எடுத்துக்காட்டப்பட்டது.

அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குரு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கற்றபின் 1895 முதல் 1909 வரை கிறித்தவ இளைஞர் சங்கத்தின் செயலராகத் தென்னிந்தியா எங்கும் பயணம் செய்தார்.

1902 இல் இவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தாமே பணம் திரட்டித் தமிழகக் கடலோரத்துக்குப் பணியாளரை அனுப்பி வந்ததைக் கண்டார். திருநெல்வேலியில் அதனினும் பெரிய சபை இருந்தும் அத்தகைய முயற்சி இல்லையே என்று வருந்திய இவர், 1903 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானார். பணியாளர், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்கவேண்டும் என்பது இச்சங்கத்தின் விதி. ஐதராபாத் நிசாமின் ஆட்சிப்பகுதியில் இருந்த தோர்ணக்கல் இதன் பணித்தளம் ஆயிற்று. 1905 இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது அசரியாவும் கே. டி. பாலும் அதில் முன்னின்றனர்.

பிறரை அனுப்பியவர் தாமும் செல்லவேண்டும் என்று கருதிய அசரியா, 1909 இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்றார்.

எடின்பரோ உரை

1910 ஆம் ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ 1200 பேராளர்களுள் ஆசியர் இருபதுக்கும் குறைவானவர்களே. அங்கு மேனாட்டுப் பணியாளருக்கும் சுதேசப் பணியாளருக்கும் இடையேயான உறவு குறித்துப் பேசும்படி அசரியா அழைக்கப்பட்டார். பல மிஷனரிகள் இந்தியரிடம் முதலாளி வேலையாளிடம் பழகுவதுபோல் பழகுகின்றனர் என்றும், ஒரே மேசையில் அமர்ந்து உண்பதுகூட அரிதாக உள்ளது என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். மிஷனரிகளின் தியாகத்தை நன்றியுடன் ஒப்புக்கொண்ட அவர், இறுதியில் நட்பையே வேண்டினார். அவையில் சிலர் இவ்வுரையால் சினமுற்றனர். காலப்போக்கில் அம்மாநாட்டின் மிகச் சிறந்த உரைகளுள் ஒன்றாக இது கருதப்படலாயிற்று.

பேராயர் பதவி

சென்னைப் பேராயர் என்றி வைட்ஹெட் அசரியாவைப் பேராயராக்க முயன்றார். இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் பணிபுரிவதா என்ற எதிர்ப்பு ஒருபுறமும், அவரது சாதியை முன்னிட்ட எதிர்ப்பு இந்தியக் கிறித்தவர் சிலரிடமிருந்து மறுபுறமும் எழுந்தன. இவற்றைக் கடந்து 1912 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் மறைமாவட்டத்தின் முதற் பேராயராக அசரியா பட்டம் பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் இவரே.

தோர்ணக்கல் பயிற்சிமுறை

தோர்ணக்கலில் கிறித்தவரானோர் பெரும்பாலும் மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற உழவுத் தொழிலாளர்கள். எழுத்தறிவு மிகக் குறைவு. அத்தகைய மக்களிடமிருந்தே அவர்களுக்கான தலைவர்களை உருவாக்குவது அசரியாவின் திட்டம். அதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

1. இறையியல் கல்வி தெலுங்கில் நடந்தது.
2. மாணவர்கள் தம் மனைவியருடன் வந்து தங்கினர். மனைவியருக்கும் எழுத்தறிவும் வேதபாடமும் கற்பிக்கப்பட்டன. அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள் இப்பணியில் பெரும்பங்கு வகித்தார்.
3. மாணவர்கள் உடலுழைப்பிலும் வேளாண்மையிலும் ஈடுபட்டனர். படித்தபின் சிற்றூர் வாழ்க்கைக்கு அந்நியராகிவிடக்கூடாது என்பது இதன் நோக்கம்.
4. சிற்றூர் ஆசிரியராகப் பணியாற்றித் தகுதியை மெய்ப்பித்தவர்களே குருப்பட்டத்துக்குத் தெரிவாயினர்.
5. ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிக்கும் கடமையை ஏற்றுக்கொண்டனர். இதனால் நற்செய்திப் பணி குருக்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவிர்க்கப்பட்டது.

அசரியா ஆண்டின் பெரும்பகுதியை மாட்டுவண்டியிலும் பிற வழிகளிலும் ஊர்களைச் சுற்றிவருவதில் செலவிட்டார். இந்துக் கோவில், மசூதி ஆகியவற்றின் கட்டடக் கூறுகளை ஏற்று அமைந்த தோர்ணக்கல் பேராலயம் 1939 இல் திறக்கப்பட்டது. 1945 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாள் அசரியா காலமானார்.

1912 முதல் 1945 வரையிலான காலத்தில் இந்திய ஆங்கிலிக்கத் திருச்சபையில் ஒரு மறைமாவட்டத்தின் முழுப்பொறுப்பை ஏற்ற பேராயராக இருந்த இந்தியர் அசரியா ஒருவரே. இந்தியர் சிலர் உதவிப் பேராயர்களாக மட்டும் அமர்த்தப்பட்டனர். அசரியாவுக்குப்பின் தோர்ணக்கலின் பேராயரானவரும் ஐரோப்பியரான ஏ. பி. எலியட் ஆவார். சிற்றூர்க் குருக்கள் நூற்றுக்கணக்கில் உருவாகியிருந்தும், தலைமைப் பதவி மீண்டும் ஐரோப்பியரிடம் சென்றதை வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டுவர்.

பெண்களின் நிலை

19 ஆம் நூற்றாண்டில் 'வேதாகமப் பெண்கள்' எனப்பட்ட பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்தனர். ஆண் மிஷனரிகள் நுழைய இயலாத இடங்களில் சபையை வளர்த்தவர்கள் இவர்களே. பாளையங்கோட்டையில் 1895 இல் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி பெண் ஆசிரியர்கள் உருவாக வழிசெய்தது. எனினும் குருப்பட்டம் இவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1970களில்தான் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கியது. 2013 இல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயராகப் பட்டம் பெற்று, அத்திருச்சபையின் முதற் பெண் பேராயரானார். நந்தியால் பகுதி முன்னாளில் அசரியாவின் தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் அடங்கியிருந்தது.

1947 க்குப் பின்

1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்க, மெதடிஸ்ட், ஐக்கிய சபைகள் இதில் இணைந்தன. இவ்வொன்றிப்புக்கான முயற்சி 1919 இல் தரங்கம்பாடியில் கூடிய மாநாட்டில் தொடங்கியது. அதில் பங்குகொண்டோரில் பெரும்பாலோர் இந்தியக் குருக்கள். அசரியா அவர்களுள் முதன்மையானவர். பிரிவுகள் மேனாட்டு வரலாற்றின் விளைவுகள் என்றும், அவற்றை இந்தியக் கிறித்தவர் சுமக்கத் தேவையில்லை என்றும் அவர்கள் கருதினர்.

1950களில் திருநெல்வேலிப் பேராயராகத் தமிழரான ஏ. ஜி. ஜெபராஜ் பொறுப்பேற்றார். 1919 இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் தரங்கை பேராயர் பதவி தொடக்கத்தில் சுவீடன் நாட்டு மிஷனரிகளிடம் இருந்தது. 1956 இல் ராஜா பூஷணம் மாணிக்கம் அப்பதவிக்கு வந்த முதல் தமிழரானார். ஆரோன் குருப்பட்டம் பெற்று அப்போது 223 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறையியல் கல்வியிலும் மாற்றம் ஏற்பட்டது. பெங்களூரில் 1910 இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி ஆங்கிலத்தில் உயர்கல்வி அளித்தது. 1969 இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி மதுரை அரசரடியில் தமிழ்வழி இறையியல் கல்விக்கு முதன்மை அளித்தது.

மதிப்பீடுகள்

ஆங்கிலிக்க மிஷனரியான ரோலண்ட் ஆலன் 1912 இல் வெளியிட்ட நூலில், பவுல் அப்போஸ்தலர் ஓர் ஊரில் சில மாதங்களே தங்கி, உள்ளூர் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டு நீங்கினார் என்றும், தற்கால மிஷன்களோ தலைமுறைகள் கடந்தும் பொறுப்பைக் கைவிடவில்லை என்றும் வாதிட்டார். தகுதி வந்தபின் அதிகாரம் தரலாம் என்று காத்திருந்தால் தகுதி வரவே வராது; பொறுப்பை ஏற்பதாலேயே தகுதி வளரும் என்பது அவர் கருத்து.

இதற்கு மாறாக, போதிய பயிற்சியின்றிப் பொறுப்பளிப்பது சபைகளைச் சாதிப் பிணக்குகளுக்கும் நிதிச் சீர்கேட்டுக்கும் ஆளாக்கும் என்று மிஷனரிகள் பலர் கருதினர். சாதி அடிப்படையிலான போட்டி பிற்காலத் திருமண்டலத் தேர்தல்களிலும் தொடர்ந்தமை இவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று எனக் காட்டுகிறது. அதே வேளையில், 1800 ஐ ஒட்டித் திருநெல்வேலியிலும் 1912 க்குப் பின் தோர்ணக்கலிலும் சபைகள் மிக வேகமாக வளர்ந்தது, பொறுப்பு இந்நாட்டவர் கையில் இருந்த காலங்களில்தான் என்பதும் நோக்கத்தக்கது.

காலவரிசை

1706 – சீகன்பால்க், புளூட்சோ தரங்கம்பாடி வருகை
1716 – தரங்கம்பாடியில் திருப்பணியாளர் பயிற்சிப் பள்ளி
1733 – ஆரோனுக்குக் குருப்பட்டம்
1790 – சத்தியநாதனுக்குக் குருப்பட்டம்
1799 – முதலூர் உருவாக்கம்
1823 – வட்டுக்கோட்டை செமினரி தொடக்கம்
1835 – ரேனியஸ் சங்கத்திலிருந்து பிரிவு
1836 – ஜான் தேவசகாயத்துக்குக் குருப்பட்டம்
1855 – வட்டுக்கோட்டை செமினரி மூடல்
1877 – கால்டுவெல், சார்ஜெண்டு உதவிப் பேராயர்கள் ஆதல்
1903 – இந்திய மிஷனரி சங்கம்
1910 – அசரியாவின் எடின்பரோ உரை
1912 – அசரியா பேராயர் ஆதல்
1947 – தென்னிந்தியத் திருச்சபை உருவாக்கம்
1956 – மாணிக்கம் தரங்கை பேராயர் ஆதல்
1969 – தமிழ்நாடு இறையியல் கல்லூரி
2013 – தென்னிந்தியத் திருச்சபையின் முதற் பெண் பேராயர்